ஒத்திகைச் சண்டை

கதவு பாதிதான் திறந்தது. பக்கத்து அறைப் பழைய இரும்புக்காரனின் தள்ளுவண்டி மீதிப் பாதியை மறித்துக்கொண்டு நின்றது. பகலெல்லாம் சிமெண்டு மூட்டை தூக்கி வீங்கிய தோளை அவன் ஒருக்களித்து நுழைத்தான். நிலை உரசித் தோல் வழன்றது.

போய்க் கேட்டுவிடலாம். ஆனால் எப்படி? கிடங்கில் நாள் முழுக்க அவன் வாயில் வருவது "தூக்கு", "இறக்கு", அவ்வளவுதான். சண்டைக்கு நாலு வார்த்தை கூடுதலாக வேண்டுமே. வெறும் வாயோடு போனால் குழறும், மானம் கப்பலேறும்.

அறைக்குள்ளேயே ஒத்திகையை ஆரம்பித்தான்.

"யோவ், வண்டியை எடுய்யா!" என்றான் தன் கட்டைக் குரலில்.

எதிராளி என்ன சொல்வான் என்றும் பார்க்க வேண்டாமா? தொண்டையை மெலிதாக்கிக்கொண்டான்.

"எங்கண்ணே கொண்டுபோய் வைப்பேன்? தெருவுல விட்டா சக்கரத்தைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க."

முதல் நாளே தோற்றுப்போய்ப் பாயை விரித்தான்.

மறுநாள் மூட்டைகளுக்கு நடுவே பதிலை யோசித்துக்கொண்டு வந்தான். மெல்லிசுக் குரல்காரன் அதற்கும் மேலே போனான்.

"உங்களுக்கு ஒத்தை உடம்பு, சந்துல நுழைஞ்சிடலாம். எங்களுக்கு வயித்துப்பாடே இந்த வண்டிதாண்ணே!"

"அதுக்கு என் வாசல்தான் கெடைச்சுதா?"

"உங்க வாசலுக்கு யாருண்ணே வர்றா?"

மறுபடியும் தோல்வி. அன்று அவன் சாப்பிடவில்லை. பக்கத்து அறையைப் பிரிக்கும் பலகைத் தடுப்பைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆனாலும் அடுத்த நாள் வேலை முடிந்ததும் கால் தானாக வேகம் பிடித்தது. எத்தனையோ வருஷம் கழித்து, அறையில் பதில் பேச ஓர் ஆள் இருந்தான்.

அன்றும் தோற்றான். வாய் கைவிட்டால் கை இருக்கிறதே என்று, காலையில் உள்ளிருந்தபடியே கதவால் வண்டியை ஒரு நெம்பு நெம்பினான். சக்கரம் சாக்கடையில் இறங்கியது. வண்டி சாய்ந்து கதவோடு ஒட்டிக்கொண்டது. இப்போது பாதியும் இல்லை.

கம்பியில்லாத ஜன்னல் வழியே சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே குதித்தான். போருக்குக் கிளம்பியவன் குப்பைத்தொட்டியைப் பிடித்து எழுந்து, பக்கத்துக் கதவைத் தட்டினான்.

இரும்புக்காரன் எட்டிப் பார்த்தான்.

சேர்த்து வைத்த அத்தனை பதில்களும் எங்கேயோ போய்விட்டன. "வண்டி..." என்றான். "தூக்கு."

"இதோண்ணே," என்று இரும்புக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

அவனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "இவ்வளவுதானா? அப்ப இத்தனை நாளா ஏன்யா எடுக்கலை?"

உள்ளேயிருந்து இரும்புக்காரன் மனைவி சொன்னாள்:

"மொத நாளே எடுக்கத்தாண்ணே கிளம்புனாரு. உங்ககூடத் தங்கியிருக்காரே மெல்லிசுக் குரல்காரர், அவரு எங்களுக்காக அவ்வளவு நியாயம் பேசறப்ப, நாங்க எடுத்துட்டா அவரு மூஞ்சியில கரியைப் பூசுன மாதிரி ஆயிடாதா?"