மாப்பிள்ளையின் கையும் என் வாயும்

எண்பத்தொரு வயதில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல மறுத்ததற்காக, அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் என்னை இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். கெட்ட வார்த்தை இல்லை. மூன்றே எழுத்துள்ள, சாதாரணத் தமிழ் வார்த்தை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கோவை கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்க போல்ட்டும் வாஷரும் எண்ணி எண்ணி, எதைக் கண்டாலும் எண்ணுகிற வியாதி வந்துவிட்டது. (தாலி கட்டும்போதே பந்தல்கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று மனைவி சரோஜா இன்றும் சொல்கிறாள். அது பொய். கட்டி முடித்த பிறகுதான் எண்ணினேன். பதினாறு.)

மகள் சுமதி அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். சரோஜா இரண்டு மாதம் முன்பே அங்கே சேர்ந்திருந்தாள். ஒரு நாள் சுமதி தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, குழந்தைக்கு நீங்கதான் சேனை வெக்கோணும். வேற யாரையும் வெக்க உடமாட்டேன்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் முதலாக ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பார்கள். என் குணம் வேண்டும் என்று ஒரு ஜீவன் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சட்டைப்பையில் நாட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தோடு இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். எந்த விரலால் வைப்பது என்பதில்தான் குழப்பம். மோதிர விரல் என்று முடிவானது.

மாப்பிள்ளை கம்பெனி வேலையாக மாதம் இரண்டு முறை கடல் தாண்டுகிறவர். பெங்களூருக்கு வந்தவர், கோவைக்கும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பிரசவத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வழியில் விமானம் மாறுகிற ஊரில் தொலைபேசியில் கேட்டால், சுமதிக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்.

மிச்சப் பயணத்தில் மாப்பிள்ளை ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். "அடிக்கடி வந்துட்டுப் போறவங்களை முன்னாடியே விசாரிச்சு, கையை அளந்து வெச்சுக்குவாங்க மாமா. அப்பறம் வரிசையே இல்லீங்க. அட்டையைச் சொருகிக் கையை வெச்சா, கதவு தொறந்துக்கும். நான் முதல்ல வெளிய வந்து காரைப் பாக்கறேன்."

"அப்ப மத்தவங்க?"

"மத்தவங்களை நிறுத்தி விசாரிக்கோணுமில்லீங்களா?"

"என்னை நம்ப மாட்டாங்களாக்கும்?"

"உங்களை அவங்களுக்குத் தெரியாதுங்களே மாமா."

எனக்குச் சுருக்கென்றது. கணபதியில் நான் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் நாலு பட்டறைக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் சரக்கை ஏற்றுவார்கள். இங்கே மாப்பிள்ளையின் கையை நம்புகிறார்கள், பெண்ணைக் கொடுத்த மாமனாரை நம்ப மாட்டார்கள்!

இறங்கினோம். நீள வரிசையில் எனக்கு முன்னால் நூற்றுப் பதினெட்டுப் பேர். நாலு கவுண்ட்டர். தலைக்கு ஒன்றே முக்கால் நிமிடம். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பக்கம் இயந்திரத்தின் முன்னால் இரண்டே பேர். மாப்பிள்ளை அட்டையைச் சொருகினார். ஒரு தட்டில் விரல்களுக்கு நடுவே வருகிற மாதிரி சின்னச் சின்ன முளைகள். அதில் கையைப் பரப்பி வைத்தார். கதவு திறந்தது. முப்பது நொடிகூட ஆகவில்லை.

என் பையையும் அவரே மரியாதைக்காகத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். "மாப்ளை, பையைக் குடுங்க" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கதவு நடுவில். எதிரே தட்டு சும்மா இருந்தது. (குடும்பத்தில் ஒருவரை நம்பினால் எல்லாரையும் நம்பின மாதிரிதானே என்று ஒரு நியாயம் தோன்றியது.) என் கையை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்து, ஏதோ கூவியது.

சீருடைக்காரர் ஒருவர் வந்து, என் தோளை மெல்லப் பிடித்து, நீள வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். இப்போது எனக்கு முன்னால் நூற்று அறுபத்து மூன்று பேர்.

"மாமா!" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை கத்தினார்.

"நீங்க சுமதியைப் பாருங்க! நான் வாரேன்!" என்று நானும் கத்தினேன்.

எழுபத்தொரு நிமிடம் கழித்து ஓர் இளைஞர் என் பாஸ்போர்ட்டை வாங்கினார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்றார். எண்பத்தொன்பது நாள் என்றேன். சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்றார்.

இங்கேதான் சனி பிடித்தது. எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் "போறேன்" என்று சொல்வதில்லை. கடைக்குக் கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்"தான். வெறும் "போறேன்" செத்தவர்களுக்கானது. மகள் பிரசவ வலியில் கிடக்கும்போது அந்த வார்த்தை என் வாயில் வருமா? இங்கிலீஷில் சொன்னால் மட்டும் விட்டுவிடுமா?

"ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன்.

"கம்? எங்கே?"

"ஹியர் ஒன்லி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திரும்பவும் இங்கேயே வந்துவிடுவீர்களா என்றார். எப்போது கிளம்பினாலும் அப்படித்தான் என்று உறுதி கொடுத்தேன். நான் போய்விடுவேன் என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்றார். தட் ஐ கேனாட் என்றேன்.

பக்கத்து அறையில் பதினான்கு நாற்காலிகள். அங்கே ஓர் அதிகாரி அம்மாள், தமிழ் தெரிந்த பெண்மணி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கமுங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றது குரல்.

"கோயமுத்தூர், கணபதிங்க. நீங்க?"

"ஈரோடுங்ணா! சாப்டீங்களா?"

"ஏரோப்ளேன்ல குடுத்தாங்க. ஒண்ணும் வாய்க்கு வெளங்கலைங்க."

அதிகாரி மேஜையைத் தட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சாப்பாடு சரியில்லை என்கிறார் என்று அந்த அம்மணி சத்தியமாகவே மொழிபெயர்த்தார்.

பிறகு விஷயத்துக்கு வந்தோம். "ஒருக்கா போறேன்னு சொல்லிப்போடுங்கண்ணா. உட்டுருவாங்க."

"என்ற புள்ள ஆஸ்பத்திரில கெடக்கறா அம்மணி. நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேனுங்க" என்றது குரல். "அப்ப திரும்பிக்குவேன்னு சொல்லட்டுங்களா?"

"அது சொல்லலாங்க."

அதை இங்கிலீஷில் சொன்னதும், திரும்பி இங்கேயா என்று அதிகாரி நிமிர்ந்தார். ஈரோட்டு அம்மணி பெருமூச்சு விட்டு, வெகுநேரம் நிதானமாக விளக்கினார். எங்கள் பக்கத்தில் யாருமே போவதில்லை, எல்லாரும் வருவதற்காகவே கிளம்புகிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதிகாரி அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி, வாசலைக் காட்டி, நீங்கள் போகலாம் என்றார்.

"சரிங்க, வாரேனுங்க" என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே என் பெயர் எழுதிய அட்டையோடு மாப்பிள்ளையின் சிநேகிதர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். சுமதி தூங்கிக்கொண்டிருந்தாள். சரோஜா தொட்டிலைக் காட்டினாள். பேரன். பிறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"ஏனுங்க, எத்தனை நேரம்ங்க உங்களுக்கு? நல்ல நேரம் முடியப்போகுதுன்னு மாப்பிள்ளைதான் சேனை வெச்சாரு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பரவாயில்லீங்க என்றேன். பரவாயில்லாமல் இல்லை. பாத்ரூமுக்குள் போய் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நானே வாயில் கொட்டிக்கொண்டேன். அழுகையும் சர்க்கரையும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கியது இன்னும் ஞாபகமிருக்கிறது.

மூன்று வருடம் கழித்து சுமதி அடுத்த குழந்தைக்குக் காத்திருந்தபோது நாற்பது நாள் முன்னதாகவே இறங்கிவிட்டேன். அதிகாரி கேட்ட எதற்கும் வாயைத் திறக்கவில்லை. திரும்பும் டிக்கெட்டை மட்டும் நீட்டினேன். ஏழு நிமிடத்தில் வெளியே வந்தேன். பேத்தியின் நாக்கில் என் மோதிர விரல்தான் முதலில் பட்டது. (ஒன்றுக்கு இரண்டு துளி விழுந்துவிட்டது. அதுதான் அளவு மீறிப்போயிற்று என்கிறாள் சரோஜா.)

இன்று எங்கள் வீட்டில் யார் செருப்பை மாட்டினாலும் "ஐ வில் கோ அண்ட் கம்" என்றுதான் சொல்கிறார்கள். பேரன் அப்பாவைப் போலவே. எங்கும் பத்து நிமிடம் நிற்க மாட்டான், எல்லா விரைவு வழிக்கும் அட்டை வைத்திருக்கிறான். பேத்திக்கும் அப்படி ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தார்கள். போன மாதம் அமெரிக்கா திரும்பி இறங்கியதும் எனக்குப் போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன கண்ணு, அட்டை வேலை செய்யலையா?"

"செய்யுதுங் தாத்தா. அண்ணனும் அப்பாவும் எப்பவோ வெளிய போயிட்டாங்க. நான் சும்மா நீள வரிசையில நிக்கறேன். எனக்கு முன்னால இருநூத்தி ஆறு பேருங்க!"