எட்டுமுறை அழிந்த வரியின் பரணி

வாழிய அவள்! விரல் பத்தும் வேலாக, விசைப்பலகையே களமாக, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையே வாகைமாலையாக, இரண்டாம் மாடியின் மூன்றாம் மேசையைத் தனிக்குடை நிழற்றி ஆண்டுவந்த நிரலரசியை, ஆயிரம் வரி எழுதினும் அரைப்புள்ளி ஒன்று தவறாத அருந்திறலாளை, யார் எதைக் கேட்டாலும் "இதோ, அரை நிமிஷம்" என்று வரமளித்துவிட்டு அந்த அரை நிமிஷத்தை அந்திசாயும்வரை நீட்டிக்கும் மாயம் கைவந்தவளை முதற்கண் வணங்கி இக்கதை தொடங்குகிறோம். பெற்றோர் இட்ட பெயர் அந்த அட்டையில் இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அரைநிமிஷம்தான்.

அவளை எதிர்த்து நின்றது நால்வகைச் சேனையன்று. மதம் பிடித்த களிறுமன்று. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. நடுவே நூறு கால் கொண்ட கறுப்புச் சில்லு, சுற்றிலும் கடுகும் மிளகும் சிந்தினாற்போல் சிற்றுறுப்புகள், ஓரத்தில் கேபிள் செருக ஒரு துவாரம். அடுக்குமாடிகளில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதற்கென்றே அவதரித்த போர்டு அது. பிறந்த பிள்ளை வீரிட்டு அழுதால்தான் சுற்றி நிற்பவர்களுக்கு மூச்சு வரும். புதுப் போர்டு கணினித் திரையில் ‘ஹலோ’ என்று ஒரு சொல் எழுதினால்தான் அதற்கு உயிருண்டென்று இத்தொழிலில் ஒப்புவார்கள். இந்தப் போர்டோ காலையிலிருந்து கம்மென்று கிடந்தது.

இனி அதைப் படைத்தவரைச் சொல்வோம். ஈயம் உருக்கிப் பற்றவைப்பதில் இணையற்றவர் ஆதலின் ஈயண்ணன் என்று பெயர் பெற்றவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது ஏதோ ஈயைப் பற்றிய பேச்சென்று எண்ணிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஓராண்டுக்கு முன் அவர் வரைந்த போர்டு ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிப்போக, மேலாளரின் கண்ணெதிரே அது புகைந்து கருகியது. அன்றுமுதல் வயர் வெட்டும் வேலை. வெட்டு வெட்டென்று வெட்டி, விரலெல்லாம் காய்த்தபின் கிடைத்த மறுவாய்ப்பே இந்தப் போர்டு. இதையும் சேர்த்து நாற்பது வெறும்பலகைகள் வெளியே செய்துவர, உறுப்புகளை அவரே பற்றவைத்து, மற்றவற்றைத் தம் மேசையடியில் ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தார். இவை பேசாவிட்டால் அவர் மறுபடியும் வயர் வெட்டப் போகவேண்டியதுதான்.

பேசவைக்கும் பொறுப்பு நம் நிரலரசியுடையது. எந்த நிரலும் ஒரு போர்டில் குடிபுகுமுன் அந்த வீட்டின் நிலவரம் அதற்குத் தெரிந்தாகவேண்டும்: எந்தக் கால் எதற்கு, நினைவகம் எவ்வளவு, எழுத்து எந்த வாசல் வழியே வெளியேறும் என்று. இத்தனையையும் சுமக்கும் தொகுப்பைப் பிஎஸ்பி என்பார்கள். பழைய போர்டில் எழுத்து வெளியேறிய வாசல் வேறு. ஈயண்ணன் புதிதாக வைத்த வாசல் வேறு. மாற்றவேண்டியது ஒரே ஒரு வரி. அதற்கென்று செட்டிங்ஸ் சாளரம் என்றொரு ராஜபாட்டையும் உண்டு. ஆனால் அது திறக்க முக்கால் நிமிஷம் பிடிக்கும். பிறரைக் காக்கவைப்பாளேயன்றித் தான் காத்திருந்தறியாத அவள், அந்த ராஜபாட்டையை ஏறெடுத்தும் பாராமல், தொகுப்பின் மதிலேறிக் குதித்து, அவ்வரி உறையும் கோப்பையே நேராகத் திறந்துகொண்டாள். ஒரு விசையைத் தட்டினால் வரி மாறி, சேமித்து, நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் பில்ட் ஓடி, போர்டில் ஏறும்வரை எல்லாம் தானே நடக்கவும் வழி செய்துகொண்டாள்.

தட்டினாள் விசையை! விசிறி முழங்கிற்று, கோப்புகள் அணியணியாய் நடந்தன, மேசை துடைத்து நாளாகியிருந்தபடியால் புழுதியும் எழுந்தது, சில்லின் கோட்டைக்குள் நிரல் வெள்ளமெனப் புகுந்தது, திரை மட்டும் வெறிச்சென்றிருந்தது. குட்டிச் சாளரம் ஒன்று முளைத்து ஏதோ கேட்க, ‘ஆம்’ என்று அதன் தலையில் தட்டி அனுப்பினாள். இரண்டாம் போரில் கேபிளை மாற்றினாள். மூன்றாம் போரில் கணினியின் வேறு துவாரத்தில் செருகினாள். நான்காம் போரில் எழுத்தின் வேகத்தைக் கூட்டினாள். ஐந்தில் அதைக் குறைத்தாள். ஆறில் கணினியையே அணைத்து எழுப்பினாள். ஏழில் எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்தாள். ஏழு முறையும் அச்சாளரம் முளைத்தது, ஏழு முறையும் ‘ஆம்’ வாங்கிக்கொண்டு மடிந்தது. அது கேட்டது என்னவென்று அவள் படிக்கவேயில்லை.

பின்னர் எழுந்தாள். இடையிட்ட நாற்காலிகள் இருபுறமும் உருண்டோட, கண்ணாடி அறைக்குள் புகுந்து, ஏழு போரும் கண்ட எனக்கோ தோல்வி, என் நிரலுக்கோ குற்றம் என்னும் நிமிர்ந்த பார்வையோடு மேலாளரின் முன்நின்று முரசறைந்தாள்: "போர்டு செத்துப்போச்சு சார்." மேலாளரும் ஆணையிட்டார். மூன்று மணிக்குப் பலகை செய்பவர்களின் வண்டி வரும். அதற்குள் பேசாவிட்டால் நாற்பதும் செய்த இடத்துக்கே திரும்பும். அடுத்த போர்டை வேறொருவர் வரைவார். கதவோரம் நின்று கேட்ட ஈயண்ணன் தம் மேசைக்குத் திரும்பினார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சில்லின் நூறு கால்களையும் ஒவ்வொன்றாக மறுபடி பற்றவைக்க உட்கார்ந்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா பிரிக்காமலே கிடந்தது.

மூன்றடிக்கக் கால் மணி நேரம் இருக்கையில் அவர் போர்டைக் கொண்டுவந்து அவள் கணினியில் மாட்டினார்.

"ஒரே ஒரு தடவை மெதுவா பண்ணும்மா, ஒவ்வொரு படியா. எந்தக் கால்ல சிக்னல் வருதுன்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் மீட்டரின் முள்ளைக் கால்மேல் வைத்துப் பூதக்கண்ணாடியில் குனிந்திருக்க, அவள் தன் வாழ்நாளில் முதன்முறையாக மெதுவாக வேலை செய்தாள். கையால் வரியை மாற்றினாள். சேமித்தாள். பில்ட் போட்டாள். முளைத்தது சாளரம். மெதுவாகச் செய்வதென்று ஒப்புக்கொண்டுவிட்ட பாவத்துக்கு அதைப் படித்தும் தொலைத்தாள். ‘இந்தக் கோப்பு வெளியிலிருந்து மாற்றப்பட்டிருக்கிறது, புதியதைக் காட்டவா?’ என்றது அது. என் கோப்பில் கைவைத்தவன் எவன் என்று சீறி ‘ஆம்’ என்றாள். கோப்பின் தலைப்பகுதி கண்முன் வந்து நின்றது. அங்கே, ஏழு முறையும் அவள் மூக்குக்கு நேரே நின்றிருந்த அறிவிப்பு: ‘இது தானாக உருவாகும் கோப்பு. கையால் திருத்தாதீர்கள். ஒவ்வொரு பில்டிலும் செட்டிங்ஸைப் பார்த்துப் புதிதாக எழுதப்படும்.’ அவள் நட்டதை அவள் ஏவிய பில்டே ஏழு முறையும், இதோ எட்டாம் முறையும், வேரோடு பிடுங்கி எறிந்திருந்தது. அவளுக்குக் காது இரண்டும் சுட்டன.

வெட்கம் ஒருபுறம் கிடக்க, புகுந்தாள் ராஜபாட்டையில்! முக்கால் நிமிஷம் காத்தாள். அதற்குள் ஊழிகள் தோன்றின, உலகங்கள் முதிர்ந்தன, சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் நாற்பத்தைந்து மலைகளை ஏறி இறங்கியது. திறந்த சாளரத்தில் கிளைக்குள் கிளை, அதற்குள் கிளை என்று அடர்ந்த பட்டியற்கானகத்தைப் பிளந்துகொண்டு போய், எழுத்து வெளியேறும் வாசலைக் கண்டு, பழையதைத் தள்ளிப் புதியதைத் தேர்ந்து, மூடப்போன கடைசி நொடியில் மூலையில் பதுங்கியிருந்த ‘உருவாக்கு’ என்ற பொத்தானையும் பிடித்து அழுத்தினாள். பில்ட் ஓடியது. கரிய திரையில் வெள்ளை எழுத்தில் ஹலோ என்று வந்தது.

அவளும் அவள் நாற்காலியும் மும்முறை சுழன்றன. ஈயண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்; அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்த நாப்பத்தேழாவது காலாத்தான் இருக்கும். நான்தான் சரியா பத்தவைக்கல போல" என்றார்.

அவ்வேளை பார்த்து மேலாளர் வந்தார். கீழே வண்டி ஹாரன் அடித்தது. கடைசிச் சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது. பற்றவைத்ததில் கோளாறென்றால் மற்ற முப்பத்தொன்பதையும் நம்பமுடியாது, பெட்டியை இறக்கிவிடுங்கள் என்றார். ஈயண்ணன் தலையாட்டிக்கொண்டு குனிந்து பெட்டியை இழுத்தார்.

அப்போது மூண்டது, அன்றைய எட்டுப் போரும் விளையாட்டென்னும்படி ஒரு பெரும்போர். ஒருபுறம், இதுகாறும் ஒரு பிழையும் ஒப்பியறியாத பெரும்புகழ் யானைமேல் ஏறி நிற்க, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்னும் நயமொழி தூது நடக்க, யாரும் பார்க்கவில்லை என்னும் காலாட்படை கடலெனத் திரண்டு வர. மறுபுறம், பெட்டியை இழுக்கும் காய்த்த விரல்கள் பத்து மட்டுமே படையாக நிற்க. நெஞ்சக்களத்தில் நாணமும் நேர்மையும் மயிர்பிடித்துப் புரள, யானை சாய, தூது ஓட, கடல் வற்ற, வென்றாள், எழுந்தாள், எட்டுத் திக்கும் எதிரொலிக்க வாய்திறந்து விளம்பலானாள் நிரலரசி:

"போர்டுல ஒண்ணுமில்ல சார், நான்தான் செட்டிங்கைத் தப்பான எடத்துல மாத்திட்டு இருந்தேன்."