துரையின் வயிற்றுக்காக ஒரு ஜெபம்

"ஐயா, இது உங்க காதோட இருக்கட்டும்," என்று பவுனம்மாள் முறுக்குத் தட்டை நகர்த்தினாள். "வர்ற ஞாயிறு அசனத்துக்கு நேசம்மா கறி ஆக்குனா, நான் கோயில் படி ஏற மாட்டேன். போன வருசம் ஆட்டுக்கறியில தேங்காப்பாலைக் குடம் குடமா ஊத்திப் பாயாசமாக்கிட்டாங்க!"

புதுப் போதகர் ஞானாபரணம் ஐயர் கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தார். அவர் குருப்பட்டம் வாங்கி வந்த முதல் சபை இந்தப் பிரிக்பீல்ட்ஸ் சபைதான். அசனம் என்றால் சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அன்றைக்குப் பார்த்து சபைகளை மேற்பார்க்கும் வெள்ளைக்கார சூப்ரண்டு துரை வேறு வருகிறார். சபை இரண்டுபட்டது தெரிந்தால் ஐயரைத் தூக்கி ரவாங்குக்கு அப்பால் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் போட்டுவிடுவார். ஐயருக்குப் பாம்பு என்றால் குலை நடுக்கம்.

நேரே ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நடந்தார். யாழ்ப்பாணத்து நேசம்மாவும் முறுக்கு வைத்தாள். அதே ருசி.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ ஐயா. பவுனம்மாவின்ர உறைப்புக் கறியைத் திண்டு போன வருசம் பிள்ளையள் எல்லாம் அழுததுகள். அவ காய்ச்சினால் நான் வரமாட்டன்."

சமாதானத்தின் மேன்மையைப் பற்றிப் போன வாரம்தான் ஐயர் நீட்டி முழக்கியிருந்தார். ஒரு சின்னப் பொய்யில் சமாதானம் வருமென்றால் வரட்டுமே!

"அப்படியா? பவுனம்மா உங்க கறியை அவ்வளவு புகழ்ந்தாங்களே!"

நேசம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியெண்டால் நானே காய்ச்சுறன்."

ஐயர் பதறிப்போய்த் திரும்பி ஓடினார். பவுனம்மாளையும் குளிர வைத்துவிட்டால் விட்டுக்கொடுப்பாள் என்று கணக்குப் போட்டு, "நேசம்மா உங்க கறின்னா உயிரையே விடுறாங்க," என்றார்.

"அட, அப்படியா சொன்னாங்க? அப்ப நானே ஆக்கிடுறேன்! இப்பவே பாசார்ல ஆட்டுக்குச் சொல்லிடுறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை சபை ஐயருக்கும் விலக்கல்ல போலும். ஆடே வேண்டாம் என்றால் சண்டையும் இல்லையே என்று யோசித்து, இரண்டு வீட்டிலும் போய், "துரைக்கு வயித்துல புண்ணு. ஆட்டுக்கறி வாசனையே ஆகாதாம். சாம்பார் போதும்," என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி "ஐயோ பாவம்" என்றார்கள். ஐயர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு ஆராதனைக்குத் துரை நல்ல தொப்பையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். ஜெபவேளையில் பவுனம்மாள் எழுந்தாள்.

"ஆண்டவரே, எங்க துரையோட வயித்துப் புண்ணை ஆத்தும்!"

"ஆமென்!" என்றது சபை.

அந்தப் பக்கத்திலிருந்து நேசம்மா எழுந்தாள். "கர்த்தாவே, அவர் குடிக்கிற கஞ்சியாவது வயித்தில தங்கக் கிருபை செய்யும்!"

"ஆமென்!"

துரை தமிழ் படித்தவர். தொப்பையைத் தடவியபடி திரும்பினார். "போதகரே, எனக்கு என்ன வியாதி? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே?"

வேறொரு துரையைச் சொன்னேன் என்று இன்னொரு பொய் ஐயரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சபை மொத்தமும் அவரையே பார்த்தது. அந்த இரண்டு பெண்களும் கண்கூடக் கொட்டவில்லை. ஐயருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"துரைக்கு ஒரு வியாதியும் இல்லை," என்றார். "பொய் சொல்ற வியாதி எனக்குத்தான். சண்டையை நேரே பேசித் தீர்க்கத் தைரியம் இல்லாம, வீட்டுக்கு ஒரு பொய் சொன்னேன். யார் என்கிட்ட என்ன சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்க, அது என்னோட போகட்டும். பொய் மட்டும் என்னுது. மன்னிச்சிடுங்க."

துரை தொண்டையைக் கனைத்து, பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார்.

பந்தியில் சாம்பாரைக் காணோம். ஆட்டுக்கறிதான் வந்தது. பவுனம்மாளும் நேசம்மாவும் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பரிமாறினார்கள். துரை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார். ஐயர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கோயில் மணியடிக்கும் சின்னையாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"சின்னையா, ரவாங் பக்கம் பாம்பு அதிகமோ?"

சின்னையா எலும்பை இலையோரம் ஒதுக்கி வைத்தார்.

"நீங்க எங்கயும் போக மாட்டீங்க ஐயா, அந்த ரெண்டு அம்மாவும் வருசம் பூரா ஒரே அடுப்புலதான் ஆக்கிச் சாப்பிடுறாங்க, புதுசா வர்ற ஒவ்வொரு ஐயர்கிட்டயும் இந்தச் சண்டையப் போட்டுத்தான் பாக்குறாங்க, இதுவரைக்கும் யாரையும் காட்டிக்குடுக்காம தேறுனது நீங்க ஒருத்தர்தான்."