பத்தொன்பதாம் மாதத்தில் ஒரு சிலிண்டர்

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாசம். தேதி பத்தொன்பது. கல்யாணமாகி ஆறு மாசம், குமணன்சாவடியில் வாடகை வீடு. மறுநாள் மதியம் மாமனார் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்து முதல் தடவையா சாப்பிட வர்றார். தொழிற்சாலையில் இருபத்தஞ்சு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டினவர். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதறது ஒரு வேலையாங்கிற சந்தேகம் அவருக்கு நிச்சயதார்த்தம் அன்னிக்கே இருந்தது.

காலையில் பாலைக் காய்ச்சும்போதே கேஸ் தீர்ந்து போச்சு.

"சிலிண்டர் இல்லாம வீட்டுக்கு வராதீங்க"ன்னு என் மனைவி சாந்தி கேஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள்.

சைக்கிளை மிதிச்சுப் பூந்தமல்லி ஏஜென்சிக்குப் போனேன். இதுவரைக்கும் வீட்டு ஓனர்தான் புக் பண்ணித் தந்தார், எனக்கு அதுதான் முதல் தடவை. கூட்டமே இல்லை. நம்ம அதிர்ஷ்டம்னு நினைச்சேன். முட்டாளுக்கு எல்லாமே அதிர்ஷ்டமாத்தான் தெரியும்.

வாசலில் ஒரு போர்டு. "புக்கிங் மாதம் 1 முதல் 12 தேதி வரை மட்டும்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. இது என்ன அநியாயம், பன்னண்டாம் தேதிக்கு மேல ஜனங்க சமைக்க வேண்டாமான்னு கத்தினேன். சிலிண்டர் மேல உட்கார்ந்து பீடி பத்த வைக்க வழியில்லாம பொழுதைப் போக்கிக்கிட்டிருந்த டெலிவரி ஆள் தனபால் நிதானமா என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ஊருக்குப் புச்சா? பன்னண்டுக்கு மேல பொட்டி ஒத்துக்காது. ரெண்டு வருசமா அப்டிதான் கீது. ஒண்ணாந்தேதி ஆனா பஸ் ஸ்டாண்டு வரிக்கும் க்யூ நிக்கும்."

பெட்டின்னா கம்ப்யூட்டர். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தேதி பார்த்து வேலை செய்யற கம்ப்யூட்டரை எந்த அரைவேக்காடு எழுதினான், அவனை முச்சந்தியில் நிக்க வச்சுக் கேட்கணும்னு ஏளனமா சொல்லிக்கிட்டே உள்ளே போனேன். நானும் அதே தொழில்தான், காட்டுங்கன்னேன்.

கவுண்டரில் இருந்த மல்லிகாம்மா திரையை என் பக்கம் திருப்பினார்.

நீலத் திரை. நடுவில் மினுக் மினுக்குன்னு ஒரு பெயர். என் பெயர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்க முதலாளி யார் யாருக்கோ விற்ற புரோகிராம். எழுதினது நான். எங்கே ஓடுதுன்னு ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பெயர் மினுக்கறதுக்கு மட்டும் ரெண்டு நாள் உழைச்சிருக்கேன்.

மல்லிகாம்மா 19, 6ன்னு அடிச்சார். 'இன்வேலிட் டேட்'னு கீழே ஓரமா, எறும்பு மாதிரி ஒரு வரி.

புரிஞ்சு போச்சு. அமெரிக்காக்காரன் மாசத்தை முதல்ல போடுவான், தேதியை அப்புறம். அவன் செஞ்ச கம்ப்யூட்டருக்கும் அதுதான் பழக்கம். அதை நம்ம வழக்கத்துக்கு மாத்த ஒரே ஒரு வரி எழுதணும். நான் எழுதலை. நான் சோதிச்சுப் பார்த்தது ஒரு அஞ்சாம் தேதி. பன்னண்டு வரைக்கும் அது தேதியை மாசம்னு நினைச்சு விழுங்கிடும். பதிமூணாவது மாசம்தான் கிடையாதே.

"ஆறை முதல்ல போட்டு, அப்புறம் பத்தொன்பது போடுங்க"ன்னேன்.

"ஆறாந்தேதி, பத்தொன்பதாம் மாசமா?" மல்லிகாம்மா கண்ணாடியைக் கழட்டினார். "பத்தொன்பதாம் மாசம் ஏது சார்?"

டிகிரி வாங்கினவன், வருஷத்தில் பத்தொன்பது மாசம் இருக்குன்னு கால் மணி நேரம் வாதாடினேன். இல்லாத மாசத்துக்கு சிலிண்டர் கொடுத்தா ஆபீஸரு என்னைக் கேப்பாருன்னு அந்தம்மா அசையலை. கீபோர்டையும் தொட விடலை. கடைசியில் வேற வழியில்லாம, இதை எழுதினதே நான்தான்னு சொல்லிட்டேன்.

மல்லிகாம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப போன்ல பேசினது நீங்கதானா?" மல்லிகாம்மா குரல் உயரவே இல்லை. "பதிமூணாந்தேதி வாங்க மாட்டேங்குதுன்னு அப்பவே போன் பண்ணேன் சார். ஒழுங்கா தேதி போடத் தெரியலைன்னா ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு ஒருத்தரு."

ஞாபகம் இருந்தது. அதை டீ குடிக்கும்போது சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சது வரைக்கும் ஞாபகம் இருந்தது. வெட்கமா இருந்தது.

திங்கட்கிழமை ஃப்ளாப்பியோட வந்து சரி பண்ணித் தர்றேன்னேன். தனபால் பதறிட்டார்.

"ஒண்ணியும் மாத்தாத சார். பாஞ்சு தேதிக்கு மேலதான் ஊட்ல புள்ளைங்க மூஞ்சியே பாக்கறேன்."

மல்லிகாம்மா புத்தகத்தை மரியாதையா திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணாந்தேதி வாங்க. சீக்கிரமா வாங்க, க்யூ இருக்கும்."

மறுநாள் சமையல் பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். சாந்தி என்னோட பேசலை. வீடு முழுக்கப் புகை. மாமனார் துண்டால் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, நான் செய்யற வேலையால ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டார்.

எல்லா வேலையும் சுலபமாகும்னு சொன்னேன். மாமனார் இருமினார்.