சந்தனம் பூசிய ஆராய்ச்சி

"வெளிய சொன்னா பலிக்காதாம்டி. அதான் அவரு சொன்ன வாக்க உங்கிட்ட கூட முழுசாச் சொல்லல."

"ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னாரா, வேணான்னாரா? அத மட்டும் சொல்லுக்கா."

"ரெண்டும் இல்ல. மனசு இன்னும் பழுக்கலையாம். முடிவெடுக்காத, அடுத்த மாசம் வான்னாரு."

"போன மாசமும் இதான சொன்னாரு? உன் மனசு பழுக்கற வரிக்கும் கட்டி காத்துக்கினு இருக்குமா?"

ஜுவைரியா கேட்டதும் சாராள் மார்பின் மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கட்டியை உடனே எடுக்க வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்கள் வெறும் உடம்பைப் பார்க்கிறவர்கள். கும்மிடிப்பூண்டியில் பிரியாணிக் கடை மாடியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் பாக்கியநாதனோ மூளையையே பார்க்கிறவர். யார் பேச்சு எடுபடும்?

படிக்கட்டு முழுக்கக் கூட்டம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், பகல் ஷிஃப்ட்டுக்கு மட்டம் போட்டவர்கள், ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். 2007-இல் கிளி ஜோசியம் பார்க்கக் கூச்சப்படும் அளவுக்கு சிப்காட் முன்னேறியிருந்தது. யூனிஃபார்ம் போட்டவன் கிளியிடம் போவானா? விஞ்ஞானியிடம்தான் போவான். வேலையை விடலாமா, பெண்ணைக் கட்டலாமா, மனை வாங்கலாமா, எது கேட்டாலும் டாக்டர் ஒயர் தொங்கும் தொப்பியைத் தன் தலையில் மாட்டுவார், கண்ணை மூடுவார், காதோடு ஒரு வாக்குச் சொல்வார். கிளியாவது ஆளுக்கொரு சீட்டு எடுக்கும்.

நம்பிக்கைக்கு ஆதாரம் டாக்டர் உட்கார்ந்திருந்த அறையின் சுவரில் இருந்தது. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், மூளை எப்படி யோசிக்கிறது என்பது பற்றி டாக்டர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல், கூரையிலிருந்து தரைவரை, இங்கிலீஷில். சில கட்டுரைகளுக்குக் கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வருகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. வாசிப்பதற்கா மாலை போடுகிறார்கள்?

சாராளின் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஜுவைரியாவுக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம். பஜ்ஜி மடித்த தாளைக்கூட விடாமல் படிப்பாள். துணைக்கு வந்தவள் சுவரைப் படித்தாள்.

"டாக்டர் சார், உங்களுக்கு இன்னா வயசு?"

"நாப்பத்தொண்ணு. ஏம்மா?"

"உங்க மொத கட்டுரை அம்பத்தெட்டுல வந்துருக்கு. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி."

பாக்கியநாதனின் முகம் சுருங்கியது. யாரோ ஒரு கிழப் பேராசிரியரின் பட்டியலை பிரவுசிங் சென்டரில் எடுத்தபோது, பேர் பொருந்தியதா என்று பார்த்தாரே தவிர வருஷத்தைப் பார்க்கவில்லை. நல்லவேளை, கூட்டம் காப்பாற்றியது.

"பாத்தியா! தாய் வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதிக்கினு இருந்துருக்காரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் இரும்பு உருக்காலை அருணாச்சலம். டாக்டர் அடக்கமாகத் தலை குனிந்தார்.

ஜுவைரியா அடுத்த சட்டத்தின் குங்குமத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு வாசித்தாள். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது.

"யக்கா, அவரு உன் காதுல சொன்னத என் காதுல சொல்லு."

"பலிக்காமப் போயிட்டா?"

"கட்டி பலிச்சுட்டா?"

சாராள் அவள் காதில் முணுமுணுத்தாள். ஜுவைரியா அருணாச்சலத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, டாக்டரு உங்களுக்கு இன்னா சொன்னாரு? 'வெளிய நீ கல்லு, உள்ள அழுவுற. ஊருக்கெல்லாம் செஞ்ச, உன் அருமை ஒருத்தருக்கும் தெரியல. மனசு பழுக்கற வரிக்கும் முடிவெடுக்காத.' இதானே?"

அருணாச்சலம் அவசரமாகக் கையை ஆட்டித் தடுத்தார். "ஏம்மா! அது எனக்குச் சொன்ன ரகசியம்!"

"உன்னுதா? யோவ், அது எனக்குச் சொன்னதுயா!" என்று வரிசையிலிருந்து பாய்ந்தான் ஜெயராஜ்.

"போங்கடா. என் அருமைதாண்டா எவனுக்கும் தெரியல!" என்று முந்தானையை வரிந்து கட்டினாள் ஞானம்மா.

ரகசியம் யாருடையது என்று அடிதடி ஆகப் பார்த்தது. சட்டையைப் பிடித்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரே வாக்கு என்று உறைத்தது.

"இந்தக் கட்டுரையில இன்னா எழுதியிருக்கு தெரியுமா?" என்றாள் ஜுவைரியா. "எல்லாருக்கும் ஒரே வார்த்தையச் சொல்லு, ஒவ்வொருத்தனும் தன்னப் பத்தி மட்டும் சொன்னதா நம்புவான்னு எழுதியிருக்கு."

தன் திருட்டைத் தானே சட்டம் போட்டு, மாலையும் போட்டு மாட்டிய திருடனை உலகம் அதுவரை கண்டதில்லை. "நாஷ்டா துன்னுட்டு வந்துடறேன்" என்று பாக்கியநாதன் எழுந்தார். அருணாச்சலம் காலரைப் பிடித்தார். ஜெயராஜ் தொப்பியின் ஒயரை இழுத்துக்கொண்டே போனான். மறுமுனை மேசைக்காலில் முடிச்சுப் போட்டிருந்தது.

இனியாவது கூட்டம் கலையும் என்று நினைக்கிறீர்களா? வரிசை கலையாமல் அப்படியே ஜுவைரியா பக்கம் திரும்பி நின்றது.

"அம்மா, நீயே சொல்லு. மனை வாங்கலாமா?"

"எனக்கு மொதல்ல சொல்லும்மா!"

சாராளும் அவள் கையைப் பற்றினாள். "அவன் கெடக்கான் திருடன். நீ படிச்சவ. பண்ணிக்கவா, வேணாமா? நீ சொன்னா செய்யறேன்."

கீழே ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. ஜுவைரியா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"யக்கா, தொப்பி மாட்டாத தல உனக்குன்னு ஒண்ணு இருக்கே, அத ஒரே ஒரு வாட்டி கேட்டுச் சொல்லேன். பஸ்ஸு நிக்குது. ஏறலாமா?"