படிவத்தின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். யாரும் சுகமாக இல்லை. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதைப் பதிலில் தெரிவிக்கவும். இப்போது என் கதையைக் கேளுங்கள்.

பேத்தி குட்டி பிறந்த விதம் உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக் கண்ணாடித் தட்டில் உருவான நான்கு கருக்களில் ஒன்றை என் மகள் வயிற்றில் வைத்தார்கள். அதுதான் இன்று எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கிக்கொண்டு திரிகிறது. மீதி மூன்றையும் ஐந்து வருடமாக உறையவைத்திருக்கிறார்கள். போன வருடம் மகளுக்குக் கர்ப்பப்பையை எடுத்ததோடு அவற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. இப்போது படிவம் வந்திருக்கிறது: தொடர்ந்து பாதுகாப்பதா, அழிப்பதா, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா என்று மாத முடிவுக்குள் மகளும் மாப்பிள்ளையும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். ஆவணக் காப்பறையில் முப்பத்தொரு வருடம் நான் பார்த்ததும் இதே வேலைதான்: எந்தக் கோப்பை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது, எதை மேலிடத்துக்கு அனுப்புவது. கைப்பழக்கம் விடவில்லை. ஒருமுறை படித்தேன், பென்சிலை எடுத்தேன், ஓரத்தில் 'ஆராய்ச்சிக்கு அனுப்பலாம்' என்று குறிப்பெழுதிச் சுருக்கொப்பமும் போட்டுவிட்டேன். மகள் பார்த்தாள். "அப்பா, இது உங்க ஆபீஸ் ஃபைல் இல்லப்பா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாப்பிள்ளை ரப்பரால் அழித்துப் பார்த்தார். நான் அழுத்தி எழுதுகிறவன். தாள் தேய்ந்தது, குறிப்பு போகவில்லை.

நான் ஏன் எழுதினேன் என்று உங்களுக்காவது புரியும். உங்கள் தங்கைக்கு நடுக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மேலே ஒன்று கூட, கீழே ஒன்று குறைய என்று போட்டு, தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இந்த ஆராய்ச்சி அந்த நோய்க்கும்தான் என்று படிவத்திலேயே போட்டிருந்தது. நேரில் போய் விசாரித்தேன். ஆய்வகத்துப் பெண்மணி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "உங்க மனைவிக்கு இதனால எதுவும் கிடைக்காது சார். மருந்து வர இருபது வருஷம் ஆகலாம். வராமலே போனாலும் போகலாம்" என்றார். கருவுக்கு வலிக்குமா என்று கேட்டேன். "வலி தெரிய நரம்பே இன்னும் வரலை சார். ஆனா செல்லை எடுத்தா கரு அழிஞ்சிடும், அதையும் சொல்லிடணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வழியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மீதியைச் சொன்னேன்.

உங்கள் தங்கையிடம் அதெல்லாம் பலிக்குமா? "குட்டியும் அந்த நாலுல ஒண்ணுதானே. டாக்டர் அன்னிக்குப் பக்கத்துல இருந்ததை எடுத்திருந்தா, இவ இப்ப அந்த ஐஸ் பெட்டிக்குள்ள இருப்பா. அப்பவும் இப்படித்தான் குறிப்பு எழுதுவீங்களா?" என்றாள். "சும்மா விட்டா யாருக்கும் ஆகாம குப்பைக்குத்தான் போகும். அது மட்டும் நியாயமா?" என்றேன். "என் கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும்" என்று எழுந்து போய்விட்டாள். நேற்றுக் கணக்கெடுக்க வந்த பெண், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "உள்ள அஞ்சு, வெளியில மூணு" என்று சொல்லியிருக்கிறாள். வெளியில் இருப்பவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அந்தப் பெண் என்னைக் கேட்க, நான் இருமிக்கொண்டே உள்ளே போனேன். சிரிப்பு வரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவசியம் வந்து அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். என் பேச்சை அவள் கேட்டதாக முப்பத்தெட்டு வருடத்தில் பதிவே இல்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள். அவள் சரி என்றால் மகள் கையெழுத்திடுவாள். மகள் போட்டால் மாப்பிள்ளையும் போடுவார். அவள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை. பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்தாள். "கொடுத்துடுங்க. எனக்கு ஆகாட்டி என்ன, பின்னாடி யாருக்காவது ஆகட்டும்" என்றாள். மகளும் மாப்பிள்ளையும் அப்போதே கையெழுத்திட்டு, தபாலில் போட என்னிடம் கொடுத்தார்கள். நான் கேட்டபடியே எல்லாம் நடந்தது. தபால்பெட்டிக்குக் குட்டியும் கூட வந்தாள். "நான் போடறேன் தாத்தா" என்றாள். தூக்கிப் பிடித்தேன். படிவ உறையோடு அவள் கை பெட்டிக்குள் போனதும், உங்கள் தங்கை சொன்ன பெட்டி நினைவுக்கு வர, உறையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். வழியெல்லாம் அழுதாள். படிவம் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். எடுத்துச் சொல்ல வேண்டியது எனக்குத்தான்.