பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பேஸ் கிடார்

“என் பொண்ணு உங்களுக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டா மாப்பிள்ளை. ஆனா...”

கல்யாணத்தன்று மாமனார் காதருகே குனிந்து சொன்னது. அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவர் சொன்னது பல் டாக்டருக்கு நினைவில்லை. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார்; இவர் சிரித்துவிட்டார். முதல் பாதியே போதுமென்று இத்தனை வருஷமாக நிம்மதியாக இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒரு சபதம் எடுத்தார். அவர் உயிரையே வைத்திருக்கும் ஹெவி மெட்டல் இசைத்தட்டு வெளிவந்து நாற்பது வருஷம் நிறையும் நாள். இரண்டு பக்கத்தையும் முழு சத்தத்தில், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் கேட்பது. வானம் இடிந்து விழுந்தாலும் அசைவதில்லை. விழுந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்கப்போவதில்லை. வாரம் முழுக்க அடுத்தவர் பல்லைத் துளைக்கும் ‘கீ...’ சத்தத்தில் வாழ்கிற மனிதர். அதற்கு மருந்து அதைவிடப் பெரிய சத்தம்தான் என்பது அவருடைய வைத்தியம்.

ஒரே ஒரு ஆபத்து. கூடத்தில் கிடந்த பழைய சாமான்களைப் பார்த்து வீட்டம்மா பெருமூச்சு விட ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வாய்திறந்து கேட்டதில்லை. பெருமூச்சுக்குப் பதில் சொல்லும் பழக்கம் டாக்டருக்கும் இல்லை.

இசைத்தட்டில் முள்ளை வைத்ததும் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் கேக்கலாமா?”

“போன வாரம்கூட இத மிக்ஸின்னு சொன்னியே!”

“மிக்ஸியையும் தினம் கேக்கத்தானே செய்றேன். எது நல்ல இடம், சொல்லிக் குடுங்க.”

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. “முதல்ல ஒரே ஒரு கிடார். தூரத்துல இடி உருள்ற மாதிரி. இதோ, ரெண்டாவது கிடார்! ரெண்டும் சண்டை போடுது பாரு, ஆனா ஒண்ணை விட்டு ஒண்ணு விலகல. ட்ரம்ஸ்காரன் ரெண்டையும் துரத்துறான். இப்ப பாடுறவன் வரான். தொண்டையிலேருந்து இல்ல, குதிகால்லேருந்து கத்துறான். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும்!”

“அட, ஆமாங்க.” அவள் இசைத்தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தாள். “ஆனா படத்துல அஞ்சு பேர் நிக்கிறாங்க. நாலு பேர் சத்தம்தானே கேக்குது?”

“அஞ்சாவது ஆள் பேஸ் கிடார். தடிச்ச சத்தம், எல்லாத்துக்கும் அடியில ஓடும்.”

“ஓடலியே. பாவம், பீரோவுக்குப் பின்னால மாட்டிக்கிட்டாரோ என்னவோ. எனக்கென்னங்க தெரியும்.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஒரு ஸ்பீக்கர் பீரோவுக்குப் பின்னால்தான் இருந்தது. சபதம் எழுந்து நின்றது. பீரோ படுக்கையறைக்கு நகர்ந்தது.

“இப்ப லேசா முனகுறார். யாரோ அவர் மேல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. இந்த சோபா சத்தத்தையெல்லாம் குடிச்சிடுதோ? எனக்கென்னங்க தெரியும்.”

ஸ்பிரிங் துருத்திய ஒற்றையாள் சோபாவை டாக்டர் புரட்டிப் புரட்டிப் படியிறக்கினார். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன டாக்டர், வீடு காலி பண்றீங்களா?”

“இல்லீங்க,” மூச்சு வாங்கியது. “பாட்டு கேட்டுக்கிட்டிருக்கேன்.”

அப்புறம் பழைய பத்திரிகைக் கட்டுகள் போயின. தன் பாட்டுக்குத் தாளம் போட்ட கதவுத் தாழ்ப்பாளுக்குத் திருகாணி முடுக்கப்பட்டது. சாயங்காலம் வெறுந்தரையில் முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்து, டாக்டர் இரண்டாம் பக்கத்தைப் போட்டார்.

தரை வழியாக வந்தார் ஐந்தாவது ஆள். இத்தனை வருஷம் கேட்டும் காதில் விழாதவர். மேலே கிடார்கள் அடித்துக்கொள்ள, ட்ரம்ஸ் துரத்த, ஒருவன் அலற, இவர் மட்டும் நிதானமாக நடந்தார். யாரையும் அதட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மற்ற நால்வரும் அவர் போன பக்கமே போனார்கள்.

டாக்டருக்குக் கண் கலங்கியது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாமனாரின் மறு பாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “...ஆனா நீங்களே எழுந்து செஞ்சிடுவீங்க.”

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. அந்த அஞ்சாவது ஆள் யாருன்னு இப்பத்தான் புரியுது.”

“நல்லா வாசிக்கிறாருங்க.” அவள் சுவரைத் தடவினாள். உதிர்ந்த பெயிண்ட் விரலில் ஒட்டியது. “இது மட்டும் இப்படிச் சொரசொரன்னு இல்லேன்னா இன்னும் துல்லியமா இருக்குமோ என்னவோ. எனக்கென்னங்க தெரியும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது என்று டாக்டர் முடிவு செய்தார்.